கவிழ்வியல்

சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு எயிற்பட்டினத்துக்கு வழி சொன்ன நாட்டில், மூன்று மாதக் குழந்தையைப் பாயில் குப்புறப் போடுவதற்கு வழி சொல்ல ஒரு நூல் இல்லாதது பெருங்குறை. இதே இடைக்கழிநாட்டுக் கடற்கரையில், கடப்பாக்கத்தில் உட்கார்ந்து அக்குறையைத் தீர்க்க முற்படுகிறோம். நூல் நுதலிய பொருள்: விழித்திருக்கும் கைக்குழந்தையை வயிறு தரையில் படக் கிடத்தி, அது தலை தூக்கும்வரை வீட்டார் படும் பாடு.

முதலில் முன்னோர் கருத்து. பெருமாளுக்கு நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று கோலம் வகுத்தார்கள். கிடப்பதிலும் எத்தனை நுணுக்கம்! திருப்புல்லாணியில் தர்ப்பைமேல் சயனம். வடக்கே மாமல்லபுரத்தில் பாம்புப் படுக்கைகூட இல்லாமல் தரையிலேயே கிடப்பதால் தலசயனப் பெருமாள். ஆனால் தேடிப் பார்த்தவரை குப்புறக் கிடந்த கோலம் ஒன்றும் இல்லை. பிரளயத்தில் மிதந்த ஆலிலைக் குழந்தையும் மல்லாந்துதான் கால் கட்டைவிரலைச் சப்புகிறது.

தூங்கும் குழந்தைக்கு இதுவே விதி என்று மேல்நாட்டார் உணரக் காலம் பிடித்தது. குப்புறத் தூங்கினால் வாந்தி புரையேறாது என்று நம்பிப் பல்லாண்டு அப்படியே கிடத்தினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல் அதை மாற்றச் சொன்னது. 1994-இல் நாடெங்கும் பிரசாரம் நடந்தது. தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாயின. கூடவே ஒரு சில்லறை வினை. எந்நேரமும் மல்லாந்தே கிடந்த பிள்ளைகள் சிலருக்குப் பின்மண்டை தட்டையாயிற்று, கவிழ்வதும் தவழ்வதும் சற்றுத் தள்ளிப்போயின. ஆகவே, தூங்கும்போது மல்லாத்து, விழித்தால் கவிழ்த்து என்று துணைவிதி பிறந்தது. நகரத் தொடங்காத குழந்தைக்கு நாளில் குறைந்தது 30 நிமிடம், பல தவணையாக என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கணக்கும் சொல்லிவிட்டது.

நம் பிள்ளைத்தமிழ்க்காரர்கள் இதில் முந்திக்கொண்டவர்கள், ஆனால் அரைகுறையாக. ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடியது முதல் காப்புக்கு அடுத்தது செங்கீரைப் பருவம். ஐந்தாம் மாதம், இரு கையையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, தலை நிமிர்ந்து முகம் ஆட்டும் நிலை. கழுத்து நின்றபின் பாடுவது எளிது. மூன்றாம் மாதத்தில் மூக்கு பாயில் தேய, முகம் சிவந்து, அரை விநாடி நிமிர்ந்து மறுபடி தொப்பென்று விழும் அந்தப் பருவத்துக்குப் பாட்டியல்களில் பெயரே இல்லை. காப்புக்கும் செங்கீரைக்கும் நடுவே அதை வைக்கலாம் என்பது இந்நூலார் துணிபு.

இனித் திணை. முதற்பொருள்: பால் குடித்து அரைமணியாவது கழிந்த காலைப்பொழுது. கருப்பொருள்: கிலுகிலுப்பை, எச்சில் துணி, பாயின் ஓரத்தில் ஓர் எறும்பு. உரிப்பொருள்: அழுதலும் அழுதல் நிமித்தமும். நிலம் ஐந்து: கால், மார்பு, பாய், மெத்தை, தூளி. தூளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அதற்குள் கவிழ இடமும் இல்லை, கவிழவும் கூடாது. அமுங்கும் மெத்தையும் ஆகாது, மூக்கு புதையும். ஐந்தில் இரண்டு போயிற்று; திணை வகுத்தோர்க்கு இது புதிதல்ல.

மிச்சத்தில் தலையாயது கால். குளிப்பாட்ட வரும் ஆயா மணைமேல் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் செருகி, இரு காலையும் நீட்டிச் சேர்த்து வைக்கிறாள். மல்லாத்தி முன்பக்கம் முடிந்ததும் ஒரே புரட்டு. குழந்தையின் வயிறு அவள் கணைக்கால் எலும்பின்மேல். முகம் கணுக்காலைத் தாண்டிக் காற்றில். இடக்கை மார்புக்கு அடியில். பிடரியிலிருந்து குண்டிவரை எண்ணெய், அப்புறம் பயத்தமாவு, அப்புறம் சொம்புத் தண்ணீர். தண்ணீர் முதுகில் விழும்போதெல்லாம் கோபத்தில் தலை தூக்குகிறது. வெளிநாட்டுக் கையேடுகள் பொம்மை காட்டிச் செய்விப்பதை இவள் வெந்நீரால் செய்விக்கிறாள். (மூக்கில் எண்ணெய் விடுவதையும் ஊதுவதையும் மட்டும் மருத்துவர் பேச்சைக் கேட்டு நிறுத்தச் சொல்லவேண்டும்.) இக்கரையில் இந்நிலத்து உரையாடலுக்கு ஒரு மாதிரி:

"ஆயா, பாப்பாவுக்கு டெய்லி டம்மி டைம் குடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்க."

"குடு. எத்தினி சொட்டு?"

"சொட்டு இல்ல ஆயா. குப்புறப் போடணுமாம்."

"இப்ப என்னா பண்ணிக்கினு இருக்கேன்?"

ஆயாவின் வாதத்தில் ஒரே ஓட்டை. குளியல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாளுக்கு அரைமணி சேராது. மீதியை மார்பும் பாயும்தான் ஈடுகட்ட வேண்டும். மார்பு என்பது சாய்ந்து படுத்த தாயின் அல்லது தகப்பனின் மார்பு. பிறந்த வாரத்திலிருந்தே ஆகும். குழந்தை அழாது, ஏனென்றால் எதிரில் முகம் இருக்கிறது. ஆள் கண் அயர்ந்தால் ஆபத்து என்பது இதன் விலக்கு.

பாய் வகையில் குழந்தைகள் மூவர். மூக்குதேய்ப்பான் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கைவிரலைச் சப்புவான். நீச்சலான் கையையும் காலையும் தரையிலிருந்து எடுத்துவிட்டு வயிற்றில் மட்டும் நிற்பான், நகரமாட்டான். தூங்கி என்பவன் போட்ட ஒரு நிமிடத்தில் தூங்கிவிடுவான். அழகாக இருக்கிறதென்று படம் எடுக்காமல் உடனே மல்லாத்த வேண்டியவன் இவன்தான். இம்மூன்றிலும் அடங்காத ஒரு பிறவி தை, மாசியில் இக்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையின் பார்ப்பு. மணலிலிருந்து வந்ததும் குப்புறவே கிளம்பிக் கடலுக்குப் போய்விடும். ஆயாவும் வேண்டாம், தவணையும் வேண்டாம்.

பெரியவர்களை வகுப்பது இதைவிடக் கடினம். நின்றபடி கைதட்டுவோர், சாவிக்கொத்து ஆட்டுவோர், செல்போனை நீட்டுவோர் என மூவகையினரும் பயனற்றவர். குழந்தை அவ்வளவு உயரம் பார்க்க முடியுமானால் இந்நூலே வேண்டாம். பயனுடையவர் ஒருவரே: தானும் தரையில் குப்புறப் படுத்து, முகத்தை அதன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைப்பவர். தாத்தாக்கள் இதில் சிறப்பார்கள். அவர்களைத் தூக்கிவிட ஓர் ஆள் கூடவே இருக்கவேண்டும்.

புறனடை: குழந்தை தானாகக் கவிழ்ந்துகொண்ட நாளோடு இவ்வியல் முடிகிறது. கட்டிலில் தனியே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவது பற்றியது அடுத்த இயல். அதை வீட்டிலுள்ளோர் ஓடிக்கொண்டே படிப்பார்கள்.