இல்லாத எடைக்கு என்ன விலை?

உலகத்தில் எதை வாங்கினாலும் எடை கூடினால் விலை கூடும். தங்கத்துக்கும் அதே நியாயம், கத்தரிக்காய்க்கும் அதே நியாயம். முதுகில் சுமந்துபோகிற டென்ட் ஒன்றுக்குத்தான் இந்த நியாயம் தலைகீழ். இரண்டரைக் கிலோ டென்ட் 5,000 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஒன்றரைக் கிலோ வேண்டுமென்றால் 15,000, 20,000 என்று ஏறும். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, டைனீமா என்கிற துணியில் தைத்ததுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 700 டாலர் ஆகும். சுங்க வரி தனி. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்தால் டென்டே இல்லாமல் வெறும் உறையை விற்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

என் மாமனார் கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பது வருடம் தராசைப் பிடித்தவர். அவரால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை. "எடை குறைஞ்சா காசைத் திருப்பித் தரணும் மாப்ளே. நீங்க மேல போட்டுக் குடுக்கறீங்களே" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விகளை மட்டும் கேட்பது அவர் வழக்கம்.

ஆனால் அவர் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. டென்டிலிருந்து குறைகிற எடை எங்கும் தொலைந்துபோவதில்லை. இடம் மாறி, யாரோ ஒருவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அது யார் தலை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறவர்தான் நல்ல டென்ட் வாங்குகிறவர்.

மலையில் நடக்கிறவர்கள் சுமைக் கணக்கில் மூன்று பொருள்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்: ரக்சாக், ஸ்லீப்பிங் பேக், டென்ட். இவற்றில் கை வைத்தால் கிலோ கணக்கில் குறையும். மற்றவற்றில் கை வைத்தால் கிராம் கணக்கில் குறையும். கிலோவைக் குறைக்கப் பணம் வேண்டும். கிராமைக் குறைக்க ஒரு கத்தி போதும். அதனால்தான் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எடுத்த எடுப்பில் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டுகிறார்கள். எங்கள் வீட்டுக் குளியலறையில் பாதி பிரஷ்ஷைப் பார்த்த மாமியார், "எலி நடமாட்டம் இருக்கு போல" என்று சொல்லி, அன்று மாலையே ஒரு எலிப்பொறி வாங்கவைத்தார். பிரஷ்ஷில் மிச்சம் பிடித்தது எட்டு கிராம். எலிப்பொறி முக்கால் கிலோ.

டென்டின் அட்டையில் எடை என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. அங்கே எடை இரண்டு விதம். பேக்டு வெயிட் என்றால் உறைக்குள் இருக்கும் எல்லாமும் சேர்ந்தது. மினிமம் வெயிட் என்றால் மேல் துணி, உள் கூடு, கம்பு, இவ்வளவுதான். முளை சேராது, கயிறு சேராது, உறை சேராது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எது என்று நான் சொல்லத் தேவையில்லை. முளையும் கயிறும் இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது டென்ட் எங்கே இருக்கும் என்று கேட்டால், "மினிமம் வெயிட்டில்தான் சார் இருக்கும், ஆனா பக்கத்து ஊர்ல இருக்கும்" என்றான் கடைப் பையன். அவனுக்கு நல்ல எதிர்காலம் உண்டு.

பழகிப் பார்க்க இரவல் வாங்கிய ஒரு டென்டோடு வீட்டுக்கு வந்ததும் மாமனார் சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அலுமினிய முளைகளை ஒவ்வொன்றாக வைத்தார். விரல் நீளத்தைவிடச் சற்று அதிகம், சிவப்புப் பூச்சு, மண்ணைக் கவ்வ மூன்று விளிம்பு, பிடுங்குவதற்குத் தலையில் ஒரு சிறு கயிற்று வளையம். முதலாவது 14 கிராம் காட்டியது. இரண்டாவதும் 14. மூன்றாவது 13. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வைத்தார். 13தான். "ஒரு கிராம் அடிச்சிருக்கான்" என்றார். எடை குறைந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் மாமா என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. டைட்டானியத்தில் ஆறு கிராம் முளையும் உண்டு என்பதைச் சொல்லவே இல்லை. அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

அடுத்த விஷயம் ஆள் கணக்கு. இரண்டு பேர் டென்டின் அகலம் தலைப்பக்கம் 130 சென்டிமீட்டர் இருக்கும். எடையைக் குறைக்க வேண்டுமே, அதனால் கால்பக்கம் ஒடுக்கிவிடுவார்கள். சாதாரண மலைப் பயண மெத்தை ஒன்றின் அகலம் 51 சென்டிமீட்டர். இரண்டைப் போட்டால் மிச்சம் இருப்பது இரண்டு முழங்கைக்கும் ஒரு பெருமூச்சுக்கும்தான் போதும். தயாரிப்பாளர் மனதில் இருக்கும் இரண்டு பேரும் ஒல்லியானவர்கள், மல்லாந்து படுப்பவர்கள், ஒருவர்மீது ஒருவருக்குக் கோபமே வராதவர்கள். என் அனுபவத்தில் இரண்டு பேர் டென்ட் என்பது ஓர் ஆளுக்கும் அவருடைய ரக்சாக்குக்கும். மூன்று பேர் டென்ட் என்பது ஒரு தம்பதிக்கு. அந்த மூன்றாவது இடம் அவர்களுடைய கருத்து வேறுபாட்டுக்கு.

எந்த டென்டையும் மலைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும். சென்னையில் அதற்கு இருப்பது மொட்டை மாடி. அங்கேதான் டென்டின் ஜாதகம் தெரியும். தன் கம்பிலேயே நிற்கிற வகை என்றால் சிமென்டுத் தரையிலும் நிற்கும். ட்ரெக்கிங் போலை நட்டு, நாலு பக்கமும் கயிற்றை இழுத்து முளையடிக்கிற வகை என்றால் நிற்காது. இந்த இரண்டாவது வகைதான் எடை குறைந்தது. தனியாகக் கம்பே கிடையாது, நடக்கிறபோது ஊன்றுகிற கோலே தூண். எங்கள் இரவல் டென்ட் அந்த வகை. பெயின்ட் டப்பா, துளசித் தொட்டி, மாமனாரின் டம்பெல் எல்லாவற்றையும் மூலைக்கு ஒன்றாக வைத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அக்கா ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பார்த்தார். பிறகு மெல்ல, "வீட்ல ஏதாவது பிரச்சனையா தம்பி? தப்பா நெனைச்சுக்காதீங்க, அந்தப் பொண்ணு கோவக்காரி மாதிரி தெரியலையே" என்றார்.

ஊன்றுகோல் டென்டில் வேறொரு சங்கடமும் உண்டு. டென்டைக் கட்டிவிட்டுப் பக்கத்துச் சிகரத்தை ஒரு நடை பார்த்துவரலாம் என்று கிளம்பினால், கோல் வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். வீடு நிற்க வேண்டுமா, முழங்கால் நிற்க வேண்டுமா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும். குறைந்த எடை முழங்காலில் ஏறி உட்கார்ந்துகொண்டது என்று அர்த்தம்.

துணிக்கு வருவோம். டென்ட் துணி நூலின் தடிமனை டெனியர் என்று சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலை எடுத்து நிறுத்தால் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். பட்டுப்புழு விடுகிற ஒற்றை இழை கிட்டத்தட்ட ஒரு டெனியர். எடை குறைந்த டென்டுகளின் நூல் 10, 15, 20 டெனியர் அளவில் இருக்கும். அதில் நைலானா பாலியெஸ்டரா என்பது பட்டிமன்றத் தலைப்பு. நைலான் வலுவானது, ஆனால் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும்; நடுராத்திரி மழையில் எழுந்து போய்க் கயிற்றை இறுக்க வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது, ஆனால் அதே எடையில் நைலான் அளவுக்குக் கிழியாமல் நிற்காது. டைனீமா தொய்யவே தொய்யாது. அந்த நாரைக் குண்டு துளைக்காத கவசத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் டென்ட் வாங்குகிறவர் விலையை வீட்டில் சொல்லும்போது அந்தக் கவசம் தேவைப்படும்.

மழை தாங்குமா என்பதற்கு மில்லிமீட்டரில் ஒரு கணக்கு இருக்கிறது. துணியின் மேல் தண்ணீரை ஒரு தூண் அளவுக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள். எந்த உயரத்தில் துணி கசிகிறதோ அதுதான் எண். 1,200 என்றால் மேல் துணிக்குப் பரவாயில்லை. தரைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மழை மேலேயிருந்து அடிக்கிறது என்றால் நம் முழங்கால் உள்ளேயிருந்து அழுத்துகிறதே. அதனால் டென்டுக்கு அடியில் விரிக்கத் தனியாக ஒரு ஷீட் விற்கிறார்கள். அதை மாடியில் விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் மாமியார் அரிசிக்கூழ்ப் பாத்திரத்தோடு வந்துவிட்டார்.

"நல்ல ஷீட்டு மாப்பிள்ளை. ஒட்டாது போலருக்கே. வடாம் புழிஞ்சா அப்படியே பேந்து வரும்."

"அத்தை, இது வெயில்ல ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. துணி நைஞ்சுபோயிடும்."

"வெயில்ல இருக்கக் கூடாதா?"

"ஆமா. சூரிய ஒளியில இருக்கற புறஊதாக் கதிர் நைலானைக் கெடுத்துடும்."

"சரி. மழை?"

"ஈரத்தோட மடிச்சு வெக்கக் கூடாது. பூஞ்சை பிடிச்சுடும்."

"காத்து?"

"ரொம்ப அடிச்சா கம்பு வளையும்."

அவர் கூழ்க் கரண்டியைக் கீழே வைத்தார். "வெயிலுக்கும் ஆகாது, மழைக்கும் ஆகாது, காத்துக்கும் ஆகாது. அப்ப இதை எங்கதான் கட்டுவீங்க? நம்ம கூடத்துலயா?" என்று கேட்டுவிட்டு, நாலு வரிசை வடாத்தைப் பிழிந்தார். பெயர்ந்துதான் வந்தது.

எங்கே கட்டுவது என்பது உண்மையில் நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் இரவு தங்க முடியாது. 2024-ல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளும் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவதற்கானவை. உத்தராகண்டில் புக்யால் என்கிற உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. புல்வெளியின் நிலைமையைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆக, சென்னைக்காரரின் டென்ட் பெரும்பாலும் ரயிலில், பெர்த்துக்கு அடியில்தான் பயணம் செய்கிறது. அந்த வகைப் பயணத்துக்கு இரண்டரைக் கிலோ டென்ட் தாராளமாகப் போதும்.

நாங்கள் கட்டுவது ஹிமாச்சலில், 4,270 மீட்டர் உயர ஹம்ப்டா கணவாய்ப் பக்கம். குல்லு பக்கத்திலிருந்து ஏறினால் பச்சையும் மழையும். கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கினால் மழை மறைவுப் பகுதி, மொட்டைப் பாறை. ஒரே நடையில் இரண்டு சீதோஷ்ணம். அங்கே போனால்தான் ஒற்றைச் சுவரா, அதாவது வெறும் மேல் துணியா, இல்லை உள்ளே வலைக்கூடும் சேர்ந்த இரட்டைச் சுவரா என்கிற கேள்விக்கு விடை கிடைக்கும். இரண்டு பேர் விடிய விடிய விடுகிற மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீராவது இருக்கும். ஒற்றைச் சுவர் டென்டில் அது துணியின் உட்புறம் முத்து முத்தாகப் படிந்து, அதிகாலைக் குளிரில் உறைந்து, யாராவது தும்மினால் முகத்தில் உதிரும். இரட்டைச் சுவரில் அந்த ஈரம் வலைக்கு வெளியே மேல் துணியில் தங்கிவிடும். நூறு, இருநூறு கிராம் அதிகம்தான். கணவாய்க்கு முந்தைய முகாமான பாலு கா கேராவில் மண்ணெல்லாம் ஆற்று மணல்; எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய முளையும் பிடிக்காது. கல்லைத்தான் தேடிக் கட்ட வேண்டும். கல் இலவசம். எடையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

இந்த எடைப் பைத்தியத்துக்கு ஒரு குரு உண்டு. அமெரிக்கரான ரே ஜார்டின், விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்தவர். 1992-ல் பசிபிக் கிரெஸ்ட் பாதைக்கு ஒரு கையேடு எழுதி, டென்டை விட்டுவிட்டுத் தார்ப்பாய் கட்டுங்கள், பையை நீங்களே தையுங்கள் என்றார். ஆனால் அவருக்கும் முந்தியவர் எம்மா கேட்வுட். 1955-ல் தம் 67-வது வயதில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை, அப்பலாச்சியன் பாதையை 3,000 கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து முடித்தார். காலில் கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப் பை. டென்ட் கிடையாது. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் குளியலறைத் திரை. பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், 1957-ல் மறுபடியும் போனார்.

இதை வீட்டில் சொன்னேன். மாமியார் வடாத்தைத் திருப்பிப் போட்டபடியே, "எத்தனை குழந்தைங்க அவங்களுக்கு?" என்றார்.

"பதினொண்ணு."

"பின்னே? அவங்களுக்கு மலை ஒரு பாரமா?"

கடைசியில் டென்டைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி. டெனியர், மில்லிமீட்டர், மினிமம் வெயிட் எதையும் அவள் கேட்கவில்லை. கடையில் கட்டி வைத்திருந்தவற்றில் ஒவ்வொன்றாக நுழைந்து படுத்தாள். எழுந்து உட்கார்ந்தாள். தலை இடித்ததையெல்லாம் ஒதுக்கினாள். மிஞ்சியவற்றில் ஒன்றுக்கு ஒற்றை வாசல், இன்னொன்றுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாசல். ஒற்றை வாசல்தான் எடை குறைவு, நூற்றைம்பது கிராம் மிச்சம் என்றேன்.

"என்னங்க, மலையில தண்ணி நிறைய குடிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"ராத்திரி ரெண்டு மணிக்கு நான் வெளியே போகணும்னா உங்களைத் தாண்டிப் போகணுமா?"

"ஆமா."

"மூணு பேர் தூக்கமும் போகும். உங்களது, என்னுது, பக்கத்து டென்ட்காரரது. அந்த நூத்தம்பது கிராம் உங்க பையில வரட்டும்."

இரண்டு வாசல், இரட்டைச் சுவர், பாலியெஸ்டர் மேல் துணி, தன் கம்பிலேயே நிற்பது. முளை, கயிறு, உறை சேர்த்து மாமனார் நிறுத்ததில் ஒரு கிலோ எண்ணூற்றுச் சொச்சம். இரண்டு பேர் போனால் துணியை ஒருவரும் கம்பையும் முளையையும் இன்னொருவரும் பிரித்துச் சுமக்கலாம் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. எங்கள் ஏற்பாடு அதைவிடச் சுலபம். துணி, கம்பு, முளை எல்லாம் என் பையில். வாசல் மட்டும் ஆளுக்கு ஒன்று.