பிழையோடு நூல் வெளியிடுவது எப்படி?

நூல் வெளியிடக் கற்றுத்தர ஊரெல்லாம் ஆள் உண்டு. அதில் பிழை சேர்க்கத்தான் முறையான பயிற்சி இல்லை. சொன்னபடி செய்யுங்கள், தவறாது.

ஓலையில் தொடங்குவதே உத்தமம். புள்ளி வைக்காதீர்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று முன்னோரே விட்டுவிட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கட்டும். கோவையிலைச் சாற்றோடு விளக்குக்கரியைத் தடவினால் எழுத்து பளிச்சென்று தெரியும். அது என்ன எழுத்து என்பது படிப்பவர் பாடு. பிறகு பிரதி எடுக்கக் கொடுங்கள். புரியாத சொல்லையெல்லாம் அவர் தமக்குப் புரிந்த சொல்லாக்கித் தருவார். சில தலைமுறை கழித்து ஒரு உ.வே.சா. வந்து, ஊர் ஊராக ஏடு தேடி, பாடபேதம் பார்த்துப் பதிப்பிப்பார். சீவக சிந்தாமணிக்கு அந்த யோகம் 1887இல் வாய்த்தது. உங்கள் கவிதைத் தொகுப்புக்கு வாய்க்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடுத்து அச்சு. கொல்லத்தில் 1578இல் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம்தான். உங்களுக்கு 400 பக்கமாவது வேண்டும், பிழைக்கு இடம் வேண்டாமா? ஏட்டில் ஆளுக்கொரு பிழை. அச்சிலோ ஆயிரம் படியிலும் ஒரே பிழை, ஒரே இடத்தில். சமத்துவம் என்றால் இதுதான். அச்சுக் கோத்த காலத்தில் வழி எளிது: ஈய எழுத்துகளைப் பிரித்துப் போடும்போது ‘ள’ அறையில் ஒரு ‘ழ’ விழுந்தால் போதும். எக்காலத்துக்கும் பொருந்தும் உபாயம் ஒன்று உண்டு. புரூஃபை நீங்களே பாருங்கள். தாளில் இருப்பது கண்ணில் படாது. மனசில் இருப்பதுதான் படும். கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பக்கம் சேர்த்து, அதிலும் இரண்டு பிழை விடுங்கள்.

மின்னூலுக்கு உழைப்பே வேண்டாம். பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்புகள் தாமாகவே இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரியிடம் கொடுத்தால், காலையும் ரகரத்தையும் குழப்பி உங்களை மறுபடி ஓலைக்காலத்தில் கொண்டுபோய் விடும். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஒருவர் தட்டச்சிட, இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். அந்த வம்பு நமக்கெதற்கு? யாராவது பிழையைச் சுட்டினால் இரவோடிரவாகத் திருத்திவிட்டு, ‘எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். சுட்டியவர்தான் விழிப்பார்.

பழைய புத்தகத்தை பைண்டிங்குக்குக் கொடுப்பவர்கள் மட்டும் ஒன்று செய்யுங்கள்: பின்னால் இருக்கும் பிழைதிருத்தப் பக்கத்தையும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.