ஸ்டிக்கர் கோலம்

1980-களில் நங்கநல்லூரில் எங்கள் தெருவுக்கு வாட்ச்மேன் கிடையாது. கோடி வீட்டுப் பாட்டி இருந்தார். திண்ணையில் காலை நீட்டி, அரிசியில் கல் பொறுக்கியபடியே ஆளை நிறுத்துவார். "யாரு? யாராத்துக்கு? என்ன சமாசாரம்?" மூன்றுக்கும் பதில் சொல்லாமல் உள்ளே போக முடியாது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர், பின்னால் என் அத்திம்பேர் ஆனவர், சம்பளம் வரை அங்கே ஒப்பித்துவிட்டுத்தான் எங்கள் வாசலை எட்டினார்.

ஊருக்குப் போனால் சாவி எதிர் வீட்டு மாமியிடம். பூட்டிய வீட்டைக் காட்டிக்கொடுப்பது பூட்டு இல்லை, கோலமில்லாத வாசல்தான் என்பது மாமிக்குத் தெரியும். விடியற்காலையில் தன் வாசலுக்குப் போட்ட கையோடு எங்கள் வாசலிலும் நாலு இழை இழுத்துவிடுவார். பேப்பரை உள்ளே எடுத்துப் போடுவார், சாயங்காலம் கூடத்து விளக்கை ஏற்றுவார். மொத்தச் செலவு, திரும்பி வரும்போது ஒரு திருப்பதி லட்டு.

ராத்திரிக்குக் கூர்க்கா. அவர் விசில் ஊதுவதே, "நான் இந்தத் தெருவில் இருக்கேன், நீ அடுத்த தெருவுக்குப் போ" என்று திருடனுக்குச் சொல்லத்தான் என்பார் அப்பா. சொல்லிவிட்டு, மாதம் பிறந்தால் இரண்டு ரூபாயும் கொடுப்பார்.

கடைக்காரரும் ஜன்னலோரம் நிற்பவர்களும்தான் தெருவின் காவல் என்று எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகத்தில் எழுதினார். பாட்டி எழுதவில்லை. பாட்டிக்கு வெற்றிலை இடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

பாட்டியைத் தெய்வமாக்கவும் மனசு வரவில்லை. ஈயம் பூசுகிறவர், பழைய பேப்பர்காரர், அழுக்கு வேட்டி கட்டிய யாரும் அவர் கணக்கில் திருடன். வெள்ளைச் சட்டையும் ரசீது புத்தகமுமாகக் கோயில் திருப்பணிக்கு வசூல் செய்ய வந்தவருக்கோ மோர் கொடுத்து உட்கார வைத்தார். வீட்டுக்கு ஐந்து ரூபாய் வீதம் தெருவே ஏமாந்தது.

பாட்டி வீட்டு மனையில் இப்போது 16 ஃபிளாட். திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. கேமராவை 'மூன்றாவது கண்' என்று சென்னை போலீஸ் பிரசாரம் செய்தபோது நாங்களும் எட்டு மாட்டினோம். சைக்கிள் காணாமல் போன அன்று போய்ப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க் செத்து நாலு மாதம். வாசலில் ஸ்டிக்கர் கோலம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 365 நாளும் ஒரே சிரிப்பு. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவைத்தால் ரோந்து போலீஸ் எட்டிப் பார்ப்பார்கள். ஸ்டேஷனில் சொல்வதில்லை. விமான நிலையத்தில் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போட்டு ஊருக்கே சொல்கிறோம்.

சமீபத்தில் மூன்றாம் மாடி சாரை மோசடிக்காரர்கள் 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்தார்கள். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் வீடியோவில் காக்கிச் சட்டை தெரிந்ததும், ரிட்டயர்டு ஆபீசரான அவர் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எட்டு கேமராவிலும் சந்தேகப்படும்படி யாரும் வரவில்லை. வரவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லையே.

கண்டுபிடித்தது தெருமுனை இஸ்திரிக்காரர். "தினம் ரெண்டு சட்டை குடுக்கற ஐயா, ரெண்டு நாளா ஆளையே காணோமே" என்று மாடியேறிப் போய், திறக்கும்வரை மணியை அழுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் நாங்கள் ஓடினோம். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிட்டோம். உடனே சொன்னதால் சார் அவர்களுக்குக் கடைசியாக அனுப்பிய தொகையையாவது வங்கியில் முடக்க முடிந்தது.

அடுத்த ஞாயிறு ஃபிளாட் சங்கக் கூட்டம். நன்றி சொல்லி ஒரு தீர்மானம், ஒன்பதாவது கேமராவுக்கு ஒரு தீர்மானம். மூன்றாவது, போன மாதமே நிறைவேறி நடவடிக்கைக்குக் காத்திருந்தது: பாதுகாப்புக் கருதி, வாசலருகே உள்ள இஸ்திரி வண்டியை அப்புறப்படுத்துவது. அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம். சாருடைய சட்டைகள் இன்னும் வண்டியில் இருக்கின்றன.