சும்மா இருக்கத் தெரியாத எஞ்சின் தொடர்பாக

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
மீனவர்களுக்கு மானிய எஞ்சின் வழங்கும் அலுவலகம்.
(ஊர்ப் பெயரைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.)

பொருள்: படகு எஞ்சின் நியூட்ரலில் இருமி இருமிச் சாவது குறித்து.

பார்வை: 1. எனது மனு. 2. எனது நினைவூட்டு மனு. 3. நேற்று வந்து சேர்ந்த தங்கள் கடிதம்.

ஐயா,

தாங்கள் மானியத்தில் கொடுத்த 9.9 எச்.பி. அவுட்போர்டு எஞ்சின் முழு வேகத்தில் சீறிக்கொண்டு போகிறது. அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். வலைக்குப் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தால்தான் வினை. நிமிடத்துக்கு 1,000 சுற்றை ஒட்டி நிதானமாக ஓடவேண்டியது, குலுங்கி, செருமி, உயிரை விட்டுவிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால் அதற்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

அந்த வித்தையில் கரைகண்டவர்கள் என்பதால்தான் தங்களிடம் வந்தேன்.

தங்கள் படிவத்தில் ‘எஞ்சின் ஓடுகிறதா? ஆம் / இல்லை’ என்று இரண்டே கட்டம். நான் ஓரத்தில் ‘ஓடும், நிதானமாக ஓடாது’ என்று எழுதினேன். “ஓடுகிற எஞ்சினுக்குப் பழுது மனு வாங்க முடியாது” என்றார் எழுத்தர். அடுத்த மாதம் ‘இல்லை’யில் டிக் போட்டேன். ஆய்வுக்கு வந்தவர், எஞ்சினின் காலை டிரம் தண்ணீரில் முக்கி, கயிற்றை இழுக்கச் சொன்னார். பாழாய்ப்போனது ஒரே இழுப்பில் கிளம்பி உறுமியது. ‘பொய்த் தகவல்’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, ஆய்வாளர் சங்கரா மீன் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டே போனார்.

அதற்கடுத்த வாரம் அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றது. படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பியது. ஐஸ் பெட்டியும் அன்றைய பாடும் கடலுக்குப் போயின. ஆள் நாலும் கரை சேர்ந்தோம். இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் தெரிவிக்கவில்லை.

பிறகு நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். டேங்க் மூடியின் காற்றுத் திருகு அடைந்திருந்தால் பெட்ரோல் வராது; அது திறந்துதான் இருந்தது. எஞ்சின் சாகப்போகும்போது குழாயிலுள்ள ரப்பர்ப் பந்தை அமுக்கினால் பிழைத்துக்கொள்கிறதா என்று பார்த்தோம். பிழைத்தால் பெட்ரோல் பம்ப் சவ்வில் கோளாறு. பிழைக்கவில்லை. இரண்டு சிலிண்டரில் ஒன்று சோம்பேறியோ என்று பிளக் மூடியை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். எதைக் கழற்றினாலும் சுற்று ஒரே அளவு இறங்கியது. ஆக, இரண்டும் வேலை செய்கின்றன. (இரண்டு மேசையுள்ள ஓர் அலுவலகத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.)

பிளக் கறுத்து, எண்ணெய் வழிந்து கிடந்தது. அது என் மச்சான் கைங்கரியம். 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் என்பது கணக்கு. அவர் கை தாராளம். பிளக்கை மாற்றி, அளவைச் சரிசெய்தும் இருமல் விடவில்லை.

கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றினோம். அடிக்கிண்ணத்தில் தண்ணீர் முத்தும் பிசின் போன்ற கசடும். இப்போது பங்க்கில் வாங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் பிரிந்து அடியில் தங்கும். வலை கட்டக் காசில்லாமல் படகு இரண்டு மாதம் மணலில் கிடந்தபோது பெட்ரோலைக் கிண்ணத்திலேயே விட்டது எங்கள் தப்பு. வேகத்துக்கான பெரிய ஜெட் பளிச்சென்று இருந்தது. சும்மா ஓடுவதற்கான பைலட் ஜெட் இருக்கிறதே, அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதுதான் அடைத்திருந்தது. சும்மா இருக்கவும் உள்ளே சுத்தம் வேண்டுமாம் ஐயா. தங்கள் அலுவலகத்தைப் பார்த்துப் பழகியவன் என்பதால் இதை நம்ப எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். கிளீனரில் ஊறவைத்து, தங்கூசி நரம்பால் மெல்ல நீவி, காற்றடித்து மாட்டினோம். பக்கத்துத் திருகை இறுக்காமல் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, காதால் கேட்டுக் கேட்டு நிறுத்தினோம். இப்போது மடியில் போட்ட பூனை மாதிரி முனகிக்கொண்டு கிடக்கிறது.

இந்த நேரத்தில்தான் பார்வை 3-இல் கண்ட தங்கள் கடிதம்: ‘எஞ்சினைப் பழுதான நிலையிலேயே நேரில் ஆஜர்படுத்தவும்.’

எஞ்சின் தற்சமயம் அந்த நிலையில் இல்லை. ஆனால் ஜெட்டிலிருந்து எடுத்த கசடு பத்திரமாக இருக்கிறது. அதை மறுபடி துளையில் அடைத்துக் கொண்டுவர வேண்டுமா, தனியாகக் கொடுத்தால் போதுமா என்று தெரிவிக்கவும். மூன்று நகல் தேவையென்றால் மூன்றாகப் பங்கிட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
பயனாளி.

இணைப்பு: கசடு, 1 பாட்டில்.