செவ்வாயிலிருந்து மருமகன் எழுதுவது

அன்புள்ள மாமாவுக்கு,

  

செவ்வாய்க்குப் போனவன் எலும்பும் தோலுமாகிவிட்டான் என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிக் கண்ணைக் கசக்குவதாகக் கேள்வி. ஊரில் 80 கிலோ காட்டியவன் இங்கே 30 கிலோதான் காட்டுகிறேன், உண்மை. ஆனால் இடுப்பு அதே 38 அங்குலம். பேண்ட் பொத்தான் இன்னமும் மூச்சுப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. இளைத்தது நான் இல்லை, இழுப்பு.

பூமியின் நிறையில் செவ்வாய்க்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். "அப்படியானால் நீ 8 கிலோ அல்லவா இருக்க வேண்டும்?" என்பீர்கள், கணக்கில் உங்களை ஏமாற்ற முடியுமா? கோளின் குறுக்களவும் பாதிதான் மாமா. தரையில் நிற்கிறவன் அதன் மையத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் நிற்கிறான். தூரம் பாதியானால் இழுப்பு நாலு மடங்கு. கூட்டிக் கழித்தால் ஊரில் இருப்பதில் நூற்றுக்கு 38 தேறுகிறது.

பறக்கிறேனா என்று மச்சான் கேட்டிருந்தான். பறக்கவில்லை, குதித்தால் இரண்டரை மடங்கு உயரம் போகலாம், கூரை அதற்குள் தலையைத் தட்டி அனுப்பிவிடும். ஓடுவதுதான் கண்டம். எடைக்குத் தக்கபடிதான் கால் தரையைப் பிடிக்கும். பிடிப்பு 30 கிலோ ஆளுக்கு, பாய்ந்து வருகிற உடம்போ அதே பழைய 80. நடைவழி வளைகிற இடத்தில் கால் வளையப் பார்க்கிறது, தொந்தி நேராகச் சுவருக்குப் போகிறது. இடி மட்டும் அசல் ஊர் இடி. அதில் தள்ளுபடி கிடையாது.

காபி ஆற்றுவது தனி வேடிக்கை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது ஊரில் அரை நொடிக்குள் தரை தொடும். இங்கே முக்கால் நொடி ஆகிறது. டம்ளரைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தால், காபி சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி அவசரமே இல்லாமல் இறங்கி வருகிறது.

துவரம்பருப்பு அனுப்பினால் கட்டுப்படியாகுமா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். தட்டுத் தராசு என்றால் பயமில்லை. பருப்பையும் படிக்கல்லையும் கோள் ஒரே மாதிரிதான் இழுக்கும்; கிலோ கிலோவாகவே நிற்கும். ஊரிலிருந்து வந்த ஸ்பிரிங் தராசை நம்பினீர்களோ, போச்சு. கிலோ பருப்பு 380 கிராம்கூடக் காட்டாது. முள் ஒரு கிலோவைத் தொடும்வரை போடச் சொல்லி, இங்குள்ளவர்கள் 2 கிலோ 600 கிராமுக்கு மேல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எலக்ட்ரானிக் தராசும் அதே ரகம்தான். இங்கே வந்ததும் படிக்கல் வைத்துத் திருத்தியாக வேண்டும்.

ஆகையால் மூட்டையோடு தாத்தா காலத்துப் பித்தளைத் தராசையும் போட்டு அனுப்புங்கள். படிக்கற்களை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்