இணையதளத்தை நம்புவது எப்படி?

கொமரலிங்கத்தில் தேங்காய் வாங்குகிறவர் காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். தண்ணீர் தளும்பும் சத்தம் சரியில்லையென்றால் தள்ளிவிடுவார். இணையதளத்தில் லட்ச ரூபாய் போட இத்தனை சிரமம் வேண்டாம்.

பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள். உங்கள் செல்போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அது. எதிரே இருப்பவன் யோக்கியனா என்று சொல்லாது. பூட்டுக்கான சான்றிதழ் காசில்லாமலே கிடைக்கும். 2023இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. கவலை வேண்டாம், தளத்துக்காரரே பெரிதாக ஒன்று வரைந்து வைத்திருப்பார்.

முகவரியில் வங்கியின் பெயர் கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் நிஜப் பெயர். அரசுத் தளமென்றால் பெரும்பாலும் அங்கே 'கவ்.இன்' (gov.in) என்று முடியும். அதுவரை படித்துக்கொண்டிருந்தால் சலுகை முடிந்துவிடும். மூலையில் பத்து நிமிடக் கடிகாரம் ஓடுகிறதே! (மூடித் திறந்தால் மறுபடி பத்து நிமிடம்.)

'ஹூஇஸ்' (WHOIS) தேடலில் தளத்தின் பெயர் பதிவான தேதி தெரியும். 'முப்பது வருட நம்பிக்கை' போன மாதம்தான் பிறந்தது என்று தெரிந்தால் உங்களுக்குத்தான் மனக்கஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேல் மச்சான். "நானே போட்டிருக்கறனுங்க மாப்ளே, ரெண்டு மாசமா வட்டி வருதுங்க" என்கிறார். அதன்பிறகு ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் அனுமதி உண்டா என்று தேடுவது அவரையே சந்தேகப்பட்ட மாதிரி. திருப்பூரில் 2008-09இல் அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி பாசி நிறுவனம் சுமார் 930 கோடி ரூபாய் வசூலித்ததே, அந்தப் பேச்சையும் எடுக்காதீர்கள். அதில் 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. பணம் போட்டவர்கள் தீர்ப்பைக் கேட்கவே 13 வருடம் ஆனது.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கப் பார்ப்பார்கள். ஆகவே அவசரப்படக் கூடாது. மாமனாரிடம் சொல்வதா, மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது, பங்காளிகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க ஒரு வாரமாவது வேண்டும். கல்யாண மாதமென்றால் இரண்டு வாரம்.