கருப்புத் திரைக்காரர்

எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் திரையில் கலர் கலராக ஏதாவது ஓடும். அவர் திரையில் கருப்பும் ஒரு மினுக்குக் கட்டமும் மட்டும். மவுஸைத் தவறித் தொட்டால் கை கழுவுகிற ரகம்.

"குறிப்பெடுக்க என்ன ஆப் சார் வெச்சிருக்கீங்க?" என்று தெரியாத்தனமாகக் கேட்டால் தொலைந்தோம். "ஆப்பா? அந்தக் கம்பெனி நாளைக்கே மூடிட்டா?" என்று ஆரம்பிப்பார். அவரிடம் இருப்பதெல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். எண்ணத்துக்கு ஒரு ஃபைல். பெயர் வைப்பது ஜாதகம் எழுதுகிற மாதிரி: வருஷம், மாதம், தேதி, மணி, நிமிஷம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் இன்னொரு குறிப்பின் பெயரைப் போட்டால் இணைப்பு. எழுத விம், தேட கிரெப். கென் தாம்ஸன் எழுதிய கிரெப் 1973 முதல் யூனிக்ஸில் இருக்கிறது என்பதைச் சொந்தத் தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் இருந்ததைப் போலச் சொல்வார். ராத்திரி படுக்குமுன் எல்லாவற்றையும் கிட்டில் ஏற்றிவிடுவார். போன மார்கழியில் ஒரு கமாவை எடுத்ததற்குக்கூட அதில் சரித்திரம் உண்டு.

குலதெய்வம், ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன். சுமார் 90,000 சீட்டுகளுக்கு எண் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி குறித்து, மரப்பெட்டிகளில் அடுக்கிவைத்து, டஜன் கணக்கில் புத்தகம் எழுதித் தள்ளிய மனிதர். நம்மவர் இன்னும் விம்மின் அமைப்பு ஃபைலைத்தான் செதுக்கிக்கொண்டிருக்கிறார். லூமனுக்குச் செதுக்க விம் கிடைக்காததால்தான் எழுத நேரம் கிடைத்ததோ என்று எனக்கொரு சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அவர் மனைவி கேட்டார்: "ஏங்க, உங்க தம்பிக்குக் கொடுத்த பணம் எவ்வளவு?"

"ஒரே செகண்ட்." விரல்கள் பறந்தன. 'கொடுத்த' என்று தேடினார். ஒன்றும் வரவில்லை.

"அப்ப கொடுக்கவே இல்லையா?"

முகம் சுண்டியது, அடுத்த நிமிஷமே பிரகாசமானது. 'கொ'வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாமாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே துண்டாக. அல்லது க, ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கிரெப்புக்கு வேறு வேறு. கடன் கொடுத்தது கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடந்திருக்கிறது! உடனே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அத்தனை குறிப்புகளையும் ஒரே சீராக்கினார். என் காபி ஆறியது. சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

"கிடைச்சிருச்சு!" என்று கத்தினார். மனைவி கரண்டியோடு ஓடிவந்தார். திரையில் ஒரே வரி: 'தம்பிக்குக் கொடுத்த பணம் - பார்க்க [[தம்பி-கடன்]]'.

"சரி, அதைத் திறங்க."

"அந்தக் குறிப்பை இனிமேதான்மா எழுதணும். இணைப்பு ரெடியா இருக்கு பாரு."